முட்டை பொரிக்கும் பெட்டிக்குத் தெர்மோஸ்ரற் பூட்டுதல்: முழுமையான வழிகாட்டி

ஐம்பது அறுபது முட்டை கொள்ளும் வீட்டுப் பெட்டிக்கு இலக்கத் திரையுள்ள தெர்மோஸ்ரற் ஒன்றைப் பூட்டி, 21 நாளும் ஆபத்தில்லாமல் ஓடவைக்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்தில் நான் பூட்டிக்கொடுத்த பெட்டிகளும் உண்டு. மற்றவர்கள் பூட்டி ஓடவைத்துவிட்டு "பழுது" என்று தூக்கிக்கொண்டு வந்தவையும் உண்டு. வந்தவற்றில் சாமான் பழுதானவை குறைவு. வேலையின் வரிசைதான் பிழைத்திருக்கும். சென்சரைச் சரிபார்க்கமுதல் முட்டை அடுக்கியிருப்பார்கள், அல்லது பெட்டியை எங்கே வைப்பதென்று யோசிக்காமலே வயர் இழுத்திருப்பார்கள்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு அத்திவாரம்.

1. பெட்டி நிற்கும் இடம்

இந்தத் தெர்மோஸ்ரற் சூடாக்கியை ஏற்றும், அணைக்கும். குளிராக்கத் தெரியாது. பெட்டிக்கு வேண்டியது 37.5 பாகை செல்சியஸ். வைகாசி, ஆனி மாத மத்தியானத்தில் தகரக் கூரையின் கீழே, காற்றோட்டம் இல்லாத அறைக்குள் வெப்பநிலை அதற்குக் கிட்டவே போய்விடும். பல்ப் அணைந்திருந்தாலும் பெட்டி சூடேறிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தெர்மோஸ்ரற்றை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது அறையைத்தான்.

கிடுகோ ஓடோ போட்ட அறை நல்லது. சுவர் மண்சுவராக இருந்தால் இன்னும் நல்லது. மேற்குச் சுவரோடு பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள்; பின்னேர வெயிலை அந்தச் சுவர் இரவு எட்டு மணி வரைக்கும் கக்கும். யன்னலுக்கு நேரேயும் வேண்டாம். சோளகக் காற்று பெட்டியின் துளைகளுக்குள் நேராக அடித்தால் ஒரு பக்க முட்டை குளிர்ந்துபோகும்.

பெட்டியை மேசையில் ஏற்றி, மேசைக் கால்கள் நான்கையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் வையுங்கள். குஞ்சு ஓட்டை உடைக்கும் நாளில் எறும்பு ஏறினால் உயிரோடு எதுவும் மிஞ்சாது. வயரும் எறும்புக்குப் பாதைதான். அதைச் சுவர் வழியாகக் கொண்டுவராமல், பொயின்ற்றில் இருந்து தொங்கலாக விட்டு, நடுவில் எண்ணெய்த் துணி ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

2. வீட்டு மின்சாரம் இதற்குத் தயாரா?

பெட்டிக்குள் தண்ணீர்த் தட்டு இருக்கும், 230 வோல்ற் மின்சாரமும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் தூரம். நீங்கள் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது அதற்குள் கை வைப்பீர்கள். ஆகவே கீழே சொல்லும் மூன்றும் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

முதலாவது ட்ரிப் சுவிச். 30 மில்லி அம்பியர் என்று அதன் முகத்தில் எழுதியிருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

இரண்டாவது ஏர்த். மீள்குடியேறிய காலத்தில் அவசரமாக வயர் இழுத்த வீடுகளில் ஏர்த் கம்பி பொயின்ற் வரைக்கும் வந்திருக்கும், ஆனால் நிலத்தில் அடித்த குழாயோடு தொடுப்பு விட்டுப்போயிருக்கும். சாதாரண டெஸ்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பதிவுபெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் கருவியால் அளப்பியுங்கள். மெயின் சுவிச் பக்கத்து வேலை முழுவதும் அவருடையதுதான். அந்தப் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள்.

மூன்றாவது, சதுர முள் மூன்றுள்ள பிளக்கும் அதற்கேற்ற பொயின்ற்றும். இந்தப் பிளக்குக்குள் பியூஸ் இருக்கிறது. வாங்கும்போது அநேகமாக 13 அம்பியர் பியூஸ் இருக்கும். அதைக் கழற்றி 3 அம்பியர் போடுங்கள். எங்கள் பெட்டி எடுப்பது அரை அம்பியரும் இல்லை. மெல்லிய வயரில் பிழை நடந்தால், 13 அம்பியர் பியூஸ் உருக முன்னம் வயர் உருகிவிடும்.

பிளக்கில் இருந்து பல வழிப் பொயின்ற் இழுத்து, அதில் கைத்தொலைபேசி சார்ஜரும் கேத்திலும் கொழுவும் பழக்கம் இருந்தால், இந்த 21 நாளும் அதை விட்டுவிடுங்கள். யாரோ கேத்திலுக்காகப் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு மறந்துபோனதால் வீணான அடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

3. வாங்கி வைக்க வேண்டியவை

தெர்மோஸ்ரற் இரண்டு. ஏன் இரண்டு என்பதை ஏழாம் படியில் சொல்கிறேன். இங்கே எளிதாகக் கிடைப்பது எஸ்.ரி.சி. 1000 என்ற மாதிரி. வாங்கும்போது பின்பக்கத்துச் சிட்டையை வாசியுங்கள். அதே முகத்தோடு 12 வோல்ற், 24 வோல்ற், 110 வோல்ற் வகைகளும் உண்டு. எங்களுக்கு வேண்டியது 220 வோல்ற் வகை.

சூட்டுக்கு 40 வாற் இழை பல்ப் இரண்டும், பீங்கான் ஹோல்டர் இரண்டும். எல்.ஈ.டி. பல்ப் வேண்டவே வேண்டாம். அது வெளிச்சம் தரும், சூடு தராது; இதை மாட்டிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தவர்களும் உண்டு. பிளாஸ்ரிக் ஹோல்டர் மூன்று வாரத் தொடர் சூட்டில் நொறுங்கிப்போகும், அதனால்தான் பீங்கான்.

ஒன்றரை முழ நீளம், ஒரு முழ அகலம், ஒரு முழ உயரப் பெட்டிக்கு இந்த 80 வாற் போதும் என்பது என் அனுபவம். நூறு வாற் இரண்டைப் போட்டால் கெதியாகச் சூடேறும் என்று நினைப்பார்கள். கெதியாக ஏறுவது அணைத்த பிறகும் ஏறும், அதுதான் பிரச்சினை.

இவற்றோடு, கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ற் விசிறியும் அதற்கான அடப்ரரும், 0.75 சதுர மில்லிமீற்றர் மூன்று நரம்பு வயர், மூடியுள்ள பிளாஸ்ரிக் உறைப்பெட்டி, துளைகளுக்கு றப்பர் வளையங்கள், காய்ச்சல் பார்க்கிற இலக்கத் தேர்மோமீற்றர் ஒன்று, ஈரப்பதன் காட்டும் சிறிய மானி ஒன்று.

பெட்டி ஒட்டுப்பலகையால் அடித்ததாக இருந்தால் சிறப்பு. முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டியிலும் செய்கிறார்கள். சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், உண்மைதான். ஆனால் பல்ப் பட்டால் உருகி எரியும். ரெஜிபோமில் செய்தால் பல்புக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளியும், நடுவில் தகரத் தடுப்பும் கட்டாயம் வேண்டும். அந்தத் தகரத்துக்கு ஏர்த் கொடுக்க வேண்டும்.

4. பூட்டமுதல் சென்சரைச் சரிபார்த்தல்

ஆட்கள் தாண்டிப்போகும் படி இதுதான். இந்த மாதிரியின் பிழை ஒரு பாகை வரை இருக்கலாம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். வீட்டு விறாந்தைக்கு ஒரு பாகை ஒன்றுமில்லை. முட்டைக்கு அது வாழ்வா சாவா என்ற அளவு.

தெர்மோஸ்ரற்றை உறைப்பெட்டியில் பொருத்துங்கள். முகப்புத் துளை 71 மில்லிமீற்றர் நீளம், 29 மில்லிமீற்றர் உயரம். 1, 2 என்ற முனைகளில் மின்வழங்கலையும், 3, 4 இல் சென்சர் வயரையும் மட்டும் இணையுங்கள். மூடியைப் பூட்டிய பிறகே பிளக்கைச் செருகுங்கள். மேசையில் திறந்த முனைகளோடு சோதிப்பது பழகிய ஆளுக்கும் ஆபத்து.

ஒரு கோப்பையில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, காய்ச்சல் தேர்மோமீற்றரில் 38 பாகைக்குக் கிட்ட வரச் செய்யுங்கள். சென்சரின் நுனியையும் தேர்மோமீற்றரின் நுனியையும் ஒன்றாகப் பிடித்து, கரண்டியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். காய்ச்சல் தேர்மோமீற்றர் தான் கண்ட உச்ச அளவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீர் ஆறினாலும் இலக்கம் இறங்காது. ஆகவே அது கீச்சிட்ட அந்தக் கணத்திலேயே இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து பாருங்கள்.

தேர்மோமீற்றர் 38.1 என்றும் தெர்மோஸ்ரற் 37.4 என்றும் காட்டினால் வித்தியாசம் 0.7. எட்டாம் படியில் இந்த எண் தேவைப்படும். எந்தத் தெர்மோஸ்ரற்றுக்கு எவ்வளவு என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே வித்தியாசம் வராது.

சிலர் ஐஸ் தண்ணீரில் சோதிப்பார்கள். பூச்சியத்தில் சரியாக இருக்கும் சென்சர் 38 இல் பிழைக்கலாம். எந்தச் சூட்டில் வேலை செய்யப்போகிறதோ அந்தச் சூட்டில் சோதிப்பதுதான் முறை.

ஈரப்பதன் மானிக்கும் வழி உண்டு. ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் போகாத போத்தலில் ஓர் இரவு வையுங்கள். 75 வீதம் காட்ட வேண்டும். கூடக் குறையக் காட்டினால் அந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. பெட்டிக்குள் எது எங்கே

பல்ப் இரண்டும் ஒரு பக்கச் சுவரில், தகரத் தடுப்புக்குப் பின்னால். விசிறி அந்தச் சூட்டை முட்டைத் தட்டின் மேலாகச் சுற்றி அனுப்ப வேண்டும். விசிறியைத் தெர்மோஸ்ரற்றின் கட்டுப்பாட்டில் கொடுக்காதீர்கள். அது இரவு பகலாக ஓட வேண்டும். பல்ப் அணையும்போது விசிறியும் நின்றால் சூடு மேலே தேங்கும், அடியிலுள்ள முட்டை குளிரும், சென்சர் எங்கேயோ ஓர் இடத்தை மட்டும் அளந்துகொண்டிருக்கும்.

சென்சரின் நுனி முட்டைகளின் மேல் மட்டத்தில், தட்டின் நடுவில், காற்றில் தொங்க வேண்டும். பல்பை நேரே பார்க்கும் இடத்தில் இருந்தால் பல்பின் கதிர்ச்சூட்டை வாங்கிக்கொண்டு முன்கூட்டியே அணைத்துவிடும், முட்டை குளிரும். தண்ணீர்த் தட்டுக்கு மேலே இருந்தால் எதிர்மாறு. முட்டையைத் தொட்டுக்கொண்டிருப்பதும் பிழை. கடைசி வாரத்தில் கருவே சூடு விடத் தொடங்கும், சென்சர் அந்த ஒரு முட்டையைப் பார்த்து மற்ற எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லும்.

வயரைத் தட்டின் சட்டத்தில் கட்டிவிடுங்கள். முட்டை பிரட்டும்போது கை பட்டுச் சென்சர் நகர்ந்ததால்தான் பத்தாம் நாளுக்குப் பிறகு பல பெட்டிகள் குழம்புகின்றன.

தெர்மோஸ்ரற்றுகள் இரண்டும் பெட்டிக்கு வெளியே, உறைக்குள். உள்ளே வைத்தால் ஈரம் றிலேயை (தெர்மோஸ்ரற்றுக்குள் பல்பை ஏற்றி அணைக்கும் சுவிச்) தின்றுவிடும். வயர் உள்ளே போகும் துளையில் றப்பர் வளையம் போட்டு, உள்ளே போகமுதல் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளையுங்கள். வயரில் படியும் நீர்த்துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உறைக்குள் ஓடாது.

காற்றுத் துளைகள் கீழே இரண்டு, மேலே இரண்டு, விரல் பருமனில். சூடு போகிறதென்று துணியால் அடைக்காதீர்கள். முட்டைக்குள் இருப்பது உயிர், மூச்சு விடும்.

6. வயர் இணைப்பு

இந்தப் படிக்கு வரும்போது பிளக் கழற்றி, உங்கள் கண்ணுக்கு முன்னால் மேசையில் இருக்க வேண்டும். சுவிச்சை அணைத்தது போதாது.

தெர்மோஸ்ரற்றின் பின்னால் எட்டு முனைகள். 1, 2 மின்வழங்கல். 3, 4 சென்சர். 5, 6 சூடாக்கும் றிலே. 7, 8 குளிராக்கும் றிலே. அதைத் தொட வேண்டாம்.

பெட்டி ஒன்றைக் கொண்டுவந்த ஒரு மாமி, "தம்பி, இது பழுதான சாமான் போல கிடக்கு, வெளிச்சம் எல்லாம் எரியுது, பல்புக்குக் கரண்ட் வரேல்லை" என்றார். அவர் பல்பின் இரண்டு வயரையும் 5, 6 இல் நேரே கொழுவியிருந்தார். அநேகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். அந்த இரண்டு முனையிலிருந்தும் மின்சாரம் வெளியே வராது. அவை வெறும் சுவிச்சின் இரண்டு கரைகள். சுவிச்சுக்கு மின்சாரத்தை நீங்கள்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

ஆகவே வரிசை இப்படி. பிளக்கின் லைவ் வயர் (புது நிறத்தில் கபிலம், பழைய நிறத்தில் சிவப்பு) 1 ஆம் முனைக்கு. நியூட்ரல் (நீலம், பழையதில் கறுப்பு) 2 ஆம் முனைக்கு. 1 இலிருந்து சின்னத் துண்டு வயர் ஒன்று 5 க்கு. 6 இலிருந்து புறப்படும் வயர் காவல் தெர்மோஸ்ரற்றின் (வாங்கிய இரண்டில் இரண்டாவது) 5 க்கு. காவலின் 6 இலிருந்து பல்ப் ஹோல்டர்களுக்கு. ஹோல்டர்களின் மற்றக் கரை நியூட்ரலுக்கு. காவலின் 1, 2 முனைகளுக்கும் இதே பிளக்கிலிருந்து லைவ், நியூட்ரல் கொடுங்கள். பச்சை மஞ்சள் ஏர்த் வயர் தகரத் தடுப்புக்கும், பெட்டியில் வேறு உலோகம் இருந்தால் அதற்கும்.

லைவ்வைத்தான் றிலே வெட்ட வேண்டும். நியூட்ரலை வெட்டினாலும் பல்ப் அணையும், ஆனால் அணைந்த பல்பின் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். தண்ணீர் ஊற்றும் கை அதைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பழைய வட்ட முள் பொயின்ற்றை நான் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். அதில் இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் லைவ்வும் நியூட்ரலும் இடம் மாறிவிடும்.

பல்ப் இரண்டையும் சமாந்தரமாக இணையுங்கள். தொடராக இணைத்தால் ஒன்று பியூஸ் போனதும் மற்றதும் அணைந்துவிடும். சமாந்தரமாக இருந்தால் மற்றப் பல்ப் விடியும் வரைக்குமாவது பெட்டியைத் தாங்கும்.

ஒவ்வொரு வயரையும் திருகி இறுக்கிய பிறகு இழுத்துப் பாருங்கள். செம்பு நரம்பு ஒன்றுகூட முனைக்கு வெளியே மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தளர்ந்த முனை சூடாகும், கருகும். தீப்பிடிப்பது அநேகமாக அங்கிருந்துதான்.

7. காவல் தெர்மோஸ்ரற்

றிலேக்குள் இரண்டு உலோகப் பொட்டுகள் சேர்ந்து பிரிகின்றன. ஒவ்வொரு முறை சேரும்போதும் சின்னப் பொறி. குளிர்ந்த இழை பல்ப் எரியத் தொடங்கும் கணத்தில் வழமையைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. ஒருநாள் அந்தப் பொட்டுகள் ஒட்டிப்போய்ப் பிரியாமல் விடலாம். அப்போது திரையில் சூடாக்கும் விளக்கு அணைந்திருக்கும், பல்ப் எரிந்துகொண்டே இருக்கும்.

என்னுடைய முதல் பெட்டியில் இது நடந்தது பதினேழாம் நாள் இரவு. விடிய எழும்பிப் பார்த்தபோது திரையில் 46. நாற்பத்திரண்டு முட்டை, அவற்றில் பாதி, பக்கத்து வீட்டு அம்மா தன் ஊர்க்கோழி இட்டவற்றை நம்பித் தந்தவை. ட்ரிப் சுவிச் விழவில்லை, பியூஸ் போகவில்லை. அவை விழவும் மாட்டா, ஏனென்றால் மின்சாரக் கணக்கில் எந்தப் பிழையும் நடக்கவில்லை. பல்ப் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு காவல் இல்லாமல் ஒரு பெட்டியும் நான் பூட்டிக்கொடுத்ததில்லை.

காவலுக்குத் தனிச் சென்சர், தனி றிலே. முதலாவது 37.7 இல் அணைக்கும். காவல் 38.7 இல் அணைக்கும். முதலாவது ஒழுங்காக இருக்கும்வரை காவலின் றிலே எப்போதும் சேர்ந்தே நிற்கும், பொறியும் இல்லை, தேய்மானமும் இல்லை. இரண்டும் தொடராக இருப்பதால் எது ஒன்று வெட்டினாலும் பல்ப் அணையும்.

கரு குளிரைத் தாங்கும் அளவுக்குச் சூட்டைத் தாங்காது. 35 பாகையில் மூன்று நான்கு மணித்தியாலம் நின்றால் வளர்ச்சி மந்தமாகும். 40.5 பாகையில் கால் மணித்தியாலம் நின்றாலே கரு மோசமாகப் பாதிக்கப்படும். காவல் மேற்பக்கத்தை மட்டும் பார்ப்பது அதனால்தான்.

8. எண்களை அமைத்தல்

எஸ் பொத்தானை மூன்று செக்கன் அமத்திப் பிடித்தால் எஃப்1 வரும். மேல், கீழ் பொத்தான்களால் எஃப்2, எஃப்3, எஃப்4 என்று நகரலாம். எண்ணை மாற்ற, எஸ்ஸை அமத்திப் பிடித்தபடியே மேல் அல்லது கீழ் பொத்தானை அமத்த வேண்டும். முடிந்ததும் மின்பொத்தானைத் தட்டினால் பதிவாகும். தட்டாமல் விட்டுவிட்டுப் போனால் பழைய எண்தான் நிற்கும்.

முதலாவதில் எஃப்1 ஐ 37.7, எஃப்2 ஐ 0.3 ஆக வையுங்கள். அப்போது 37.7 இல் அணைந்து, 37.4 இல் ஏறும். எஃப்2 வாங்கும்போது 0.5 இல் இருக்கும், குறைந்தது 0.3. எஃப்3 குளிராக்கும் பக்கத்துக்கான தாமதம். எங்களுக்கு வேலையில்லை, விட்டுவிடுங்கள். எஃப்4 இல், நான்காம் படியில் எழுதிய வித்தியாசம். தெர்மோஸ்ரற் குறைத்துக் காட்டினால் கூட்டல், கூட்டிக் காட்டினால் கழித்தல்.

காவலில் எஃப்1 ஐ 38.7, எஃப்2 ஐ 0.3, எஃப்4 ஐ அதற்குரிய வித்தியாசம் என்று வையுங்கள்.

இந்த எண்கள் விசிறி உள்ள பெட்டிக்கு. விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல் மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வேண்டும். விசிறிப் பெட்டிக்கு அந்த எண்ணை வைத்தவர்களின் குஞ்சுகள் பத்தொன்பதாம் நாளே தொப்புள் காயாமல் வெளிவந்தன.

9. முட்டையில்லாமல் இரண்டு நாள்

முட்டைக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய சின்னப் போத்தல்களைத் தட்டில் அடுக்கி, 48 மணித்தியாலம் ஓடவிடுங்கள். வெறும் பெட்டியில் காற்று கெதியாகச் சூடேறிக் கெதியாக ஆறும். போத்தல் வைத்தால்தான் முட்டை வைத்த பெட்டியைப்போல நடக்கும்.

விடியப்புறம் நான்கு மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் கட்டாயம் பார்த்து எழுதுங்கள். வன்னியில் அறையின் இரண்டு ஓரங்களும் அந்த இரண்டு நேரங்கள்தான். இரண்டிலும் 37.3 க்கும் 38 க்கும் இடையில் நின்றால் பெட்டி தயார். மத்தியானம் மட்டும் கூடினால் முதலாம் படிக்குத் திரும்பிப்போங்கள்.

தட்டின் நான்கு மூலையிலும் வெப்பநிலையைப் பாருங்கள். அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விசிறியின் முகத்தைத் திருப்ப வேண்டும்.

பிறகு காவலைச் சோதியுங்கள். முதலாவதின் எஃப்1 ஐ 45 ஆக்கிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். 38.7 வந்ததும் காவல் பல்பை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் இணைப்புப் பிழை. அணைத்தால், எஃப்1 ஐ மறக்காமல் 37.7 க்குக் கொண்டுவாருங்கள்.

10. முட்டை வைத்த பின்

ஏழு நாளுக்கு மேல் வைத்திருந்த முட்டை வேண்டாம். கழுவவும் வேண்டாம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு அடுக்குங்கள்.

அடுக்கியதும் திரையில் 33, 34 என்று விழும். பல மணித்தியாலம் அப்படியே நிற்கும். இந்த நேரத்தில் எஃப்1 ஐக் கூட்டாதீர்கள். அறுபது முட்டையும் சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். கூட்டிவிட்டுப் படுத்தவர்கள் விடியப் பார்க்கும்போது 39 இல் நிற்கும்.

முதல் 18 நாளும் ஈரப்பதன் 50 முதல் 55 வீதம். கார்த்திகை மழையில் வெளியே எல்லாம் நனைந்து கிடக்கும்போது தண்ணீர்த் தட்டு எதற்கென்று கேட்பார்கள். 25 பாகையில் 90 வீத ஈரமுள்ள காற்றை 37.5 க்குச் சூடாக்கினால் அதே காற்றில் 44 வீதம்தான் மிஞ்சும். மாரியிலும் தட்டு வேண்டும். ஈரத்தைக் கூட்ட, ஆழமான தட்டல்ல, அகலமான தட்டு வையுங்கள். ஆவியாவது மேற்பரப்பில் இருந்துதான். ஊற்றும் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும்.

நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை முட்டையைப் பிரட்ட வேண்டும். ஒற்றை எண் ஏனென்றால், நீண்ட இரவில் ஒவ்வொரு நாளும் ஒரே பக்கம் மேலே இருக்கக் கூடாது. பிரட்டவும் தண்ணீர் ஊற்றவும் முதல் பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டு நிமிட வேலைக்குப் பெட்டி ஆறிவிடாது. முடிந்ததும் செருகி, திரை எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அறையை விட்டுப் போக வேண்டும்.

ஏழாம் நாள் இருட்டில் ரோர்ச் வைத்துப் பார்த்து, வெறும் முட்டையையும் கூழ்முட்டையையும் எடுத்துவிடுங்கள்.

11. கரண்ட் போனால், இடி முழங்கினால்

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தது. அந்தக் காலத்தில் பெட்டி ஓடவைத்தவர்கள் கற்றுக்கொண்டது ஒன்று: திறந்து பார்க்கக் கூடாது. திரை அணைந்திருக்கும், உள்ளே என்ன நடக்கிறதென்று கை துருதுருக்கும். ஒரு முறை திறந்தால் ஒரு மணித்தியாலச் சூடு போய்விடும்.

பெட்டியின் மேல் போர்வை போடலாம், துளைகளை விட்டுவிட்டு. இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டினால், சுடுதண்ணீர் நிரப்பிய போத்தல் இரண்டைத் துணியில் சுற்றி, முட்டையைத் தொடாமல் உள்ளே வையுங்கள். கரண்ட் வந்ததும் போர்வையையும் போத்தலையும் எடுத்துவிட வேண்டும். பல்ப் எரியும் பெட்டியில் போர்வை இருப்பது தீ.

ஐப்பசி, கார்த்திகைப் பின்னேரங்களில் இடி தலைக்கு மேல் வந்தால் பிளக்கைக் கழற்றுங்கள். மின்னல் வீட்டு வயரில் இறங்கினால் இரண்டு தெர்மோஸ்ரற்றும் ஒன்றாகப் போகும். ஒரு மணித்தியாலம் அணைந்திருப்பதால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

12. திரை சொல்லும் குறிகள்

EE என்று காட்டினால் சென்சர் வயர் அறுந்தது, அல்லது ஒன்றோடொன்று தொட்டுவிட்டது. 3, 4 முனைகளை முதலில் பாருங்கள். எலி கடித்ததும் இருக்கலாம்.

சூடாக்கும் விளக்கு அணைந்திருக்க பல்ப் எரிந்தால் றிலே ஒட்டிவிட்டது. பிளக்கைக் கழற்றி, அந்தத் தெர்மோஸ்ரற்றை மாற்றுங்கள். தட்டிச் சரிசெய்து பாவிக்க வேண்டாம்.

சூடாக்கும் விளக்கு எரிய பல்ப் எரியாவிட்டால், பல்பா, காவலா என்று பாருங்கள். காவல் வெட்டியிருந்தால் அதன் திரையில் 38.4 க்கு மேல் இருக்கும். காவல் வெட்டும் பெட்டியை வெட்டட்டும் என்று விட்டு ஓடவைக்காதீர்கள், முதலாவது பழுதாகிவிட்டது என்பதே அதன் பொருள்.

எண் தாறுமாறாகத் துள்ளினால் சென்சர் வயர் பல்ப் வயரோடு சேர்ந்து ஓடுகிறது. பிரித்து விடுங்கள்.

உறைப்பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. சுட்டால் உள்ளே ஒரு முனை தளர்ந்திருக்கிறது. கருகல் மணம் வந்தால் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

13. கடைசி மூன்று நாளும் அதற்குப் பிறகும்

பதினெட்டாம் நாளோடு பிரட்டுவதை நிறுத்துங்கள். இன்னொரு அகலத் தட்டு வைத்து ஈரப்பதனை 65 முதல் 70 வீதத்துக்கு ஏற்றுங்கள். தட்டுக்கு மேல் கம்பிவலை போடுங்கள், குஞ்சு விழுந்து மூழ்கும். சென்சர் வயரை உயர்த்திக் கட்டுங்கள். புதிதாகப் பிறந்த குஞ்சுகள் அதன் மேல் ஏறிப் படுத்தால், தெர்மோஸ்ரற் குஞ்சின் உடம்புச் சூட்டை அளந்து பல்பை அணைத்துவிடும்.

குஞ்சு ஓட்டில் துளையிட்ட பிறகு திறக்காதீர்கள். வெளியே வந்தது, வயிற்றுக்குள் இழுத்த மஞ்சட்கருவோடு இரண்டு நாள் தீன் இல்லாமல் இருக்கும். இறகு காய்ந்து பஞ்சுபோல ஆனதும் எடுங்கள்.

எடுத்த குஞ்சுக்கு வளர்ப்புப் பெட்டியில் முதல் வாரம் 35 பாகை, பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்க வேண்டும். அங்கே எண்ணைவிடக் குஞ்சைப் பாருங்கள்: பல்பின் கீழே குவிந்தால் குளிர், மூலைக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு.

அடுத்த அடை வைக்கமுதல் பிளக்கைக் கழற்றிவிட்டு, பல்பிலும் விசிறியிலும் ஒட்டிய குஞ்சு மயிரைத் துடைத்தெடுங்கள். காய்ந்த மயிர் சூடான பல்பில் பற்றும். முனைகளைத் திருப்பி இறுக்கி, வெந்நீர்க் கோப்பையில் இரண்டு சென்சரையும் மீண்டும் சோதித்து, முதலாவதின் எஃப்1 ஐ 45 இல் வைத்துக் காவல் வெட்டுகிறதா என்று பார்த்து, அதை 37.7 க்குக் கொண்டுவந்த பிறகு முட்டையை எடுங்கள்.